வேலையின்மை: எண் சரி, முடிவு சரியா?

2017–18இல் இந்தியாவின் வேலையின்மை விகிதம் 6.1 சதவீதம். 2023–24இல் அது 3.2 சதவீதம். இரண்டையும் கணக்கிட்டது ஒன்றிய அரசின் புள்ளியியல் அலுவலகம். இரண்டுக்கும் அடிப்படை ஒரே கணக்கெடுப்பு. இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு, வேலையின்மை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது என்று ஒரு மேடையில் ஒருவர் முழங்குகிறார். அடுத்த மேடையில் இன்னொருவர், அரசுத் தேர்வு எழுதக் குவியும் லட்சக்கணக்கான பட்டதாரிகளைக் காட்டி, அந்த எண்ணே மோசடி என்கிறார். கேட்கிறவர்கள் தங்களுக்குப் பிடித்த கட்சி எதுவோ அதன் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். வேலை என்பது ஒரு குடும்பத்தின் சோற்றோடும் மானத்தோடும் ஒட்டிய விஷயம். அதைப் பற்றிய வாதத்தைக் கட்சி அபிமானத்திடம் விட்டுவிடக் கூடாது. இந்த வாதங்களைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: பெரும்பாலான நேரங்களில் சொல்லப்படும் எண் சரியானதே. எண்ணிலிருந்து முடிவுக்குப் போகும் வழியில்தான் ஒரு படி விடுபட்டிருக்கிறது. அந்தப் படி எது என்று கேட்கத் தெரிந்துகொண்டால், பொருளாதாரம் படிக்காதவரும் இந்த வாதங்களை எடைபோட முடியும்.

எதை எதால் வகுத்தார்கள்?

வேலையின்மை விகிதம் என்பது நாட்டு மக்களில் எத்தனை பேருக்கு வேலை இல்லை என்பதைச் சொல்வதில்லை. வேலை செய்கிறவர்களையும், வேலை தேடுகிறவர்களையும், கிடைத்தால் செய்யத் தயாராக இருப்பவர்களையும் கூட்டினால் வருவது தொழிலாளர் படை. அந்தப் படையில் வேலை கிடைக்காதவர்களின் பங்குதான் வேலையின்மை விகிதம். படித்துக்கொண்டிருப்பவர், வீட்டைக் கவனித்துக்கொள்பவர், தேடித் தேடிச் சலித்து முயற்சியைக் கைவிட்டவர் யாரும் அதில் வரமாட்டார்கள். ஒரு சிற்றூரின் தொழிலாளர் படையில் 50 பேர் என்றும், அவர்களில் 5 பேருக்கு வேலை இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். விகிதம் 10 சதவீதம். அந்த ஐவரில் இருவர் மனம் வெறுத்து, இனிமேல் வேலையே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டால், 48 பேரில் 3 பேர் என்று கணக்கு மாறும். விகிதம் 6.25 சதவீதமாக இறங்கிவிடும். ஊரில் புதிதாக ஒரு வேலைகூட உருவாகவில்லை. ஆகவே விகிதம் குறைந்தது என்று யாராவது சொன்னால், மேலே உள்ள எண் குறைந்ததா, கீழே வகுக்கும் எண் மாறியதா என்று கேட்பதே முதல் வேலை.

இந்தக் கேள்வியை இந்தியாவின் கணக்கிடம் கேட்போம். 15 வயதைக் கடந்தவர்களில் தொழிலாளர் படையில் இருப்பவர்களின் பங்கு 2017–18இல் 49.8 சதவீதமாக இருந்தது; 2023–24இல் 60.1 சதவீதமாக உயர்ந்தது. வேலை செய்கிறவர்களின் பங்கும் 46.8 சதவீதத்திலிருந்து 58.2 சதவீதமாக உயர்ந்தது. எனவே, மக்கள் வேலை தேடுவதையே விட்டுவிட்டார்கள், அதனால்தான் விகிதம் குறைந்தது என்ற விமர்சனம் இந்த ஆண்டுகளுக்குப் பொருந்தாது. முந்தைய காலத்தில் பலர் தொழிலாளர் படையை விட்டு விலகியது உண்மை. 2011–12க்கும் 2017–18க்கும் இடையே பெண்களின் பங்கேற்பு 31.2 சதவீதத்திலிருந்து 23.3 சதவீதமாகச் சரிந்தது. அந்தப் பழைய விலகலைப் புதிய இறக்கத்துக்குக் காரணமாக ஒட்டுவது விமர்சகர்கள் செய்யும் பிழை.

ஆனால் அரசின் தரப்பு அதோடு வென்றுவிடவில்லை. வேலை செய்கிறவர்கள் கூடினார்கள் என்றால், என்ன வேலைக்கு அவர்கள் வந்தார்கள் என்பது அடுத்த கேள்வி. அதே கணக்கெடுப்பே பதில் சொல்கிறது. மொத்தத் தொழிலாளர்களில் சுயதொழில் செய்வோரின் பங்கு 52.2 சதவீதத்திலிருந்து 58.4 ஆனது. குடும்பத்தின் நிலத்திலோ கடையிலோ சம்பளம் இல்லாமல் உதவி செய்கிறவர்களின் பங்கு 13.6 சதவீதத்திலிருந்து 19.4 ஆனது. மாதச் சம்பளக்காரர்களின் பங்கு 22.8 சதவீதத்திலிருந்து 21.7 ஆகக் குறைந்தது. விவசாயத்தில் இருப்போரின் பங்கு 44.1 சதவீதத்திலிருந்து 46.1 ஆக ஏறியது. வளரும் நாடுகளில் மக்கள் வயலிலிருந்து ஆலைக்கும் அலுவலகத்துக்கும் நகர்வதுதான் வழக்கம். இங்கே கொரோனா காலத்தில் ஊர் திரும்பியவர்களோடு அந்த நகர்வு பின்னோக்கிப் போனது. நோய் தணிந்து ஆண்டுகள் கடந்த பிறகும், 2023–24 வரை, அது முழுமையாகத் திரும்பவில்லை.

கணக்கெடுப்பின் வரையறையைத் தெரிந்துகொண்டால் இது எப்படி நேர்கிறது என்பது புரியும். 3.2 சதவீதம் என்ற எண், கடந்த ஓராண்டை வைத்துச் சொல்லும் 'வழக்கமான நிலை' கணக்கு. அதன்படி ஒருவர் ஆண்டில் பெரும்பகுதி வேலை இல்லாமல் இருந்தாலும், துணைத் தொழிலாக 30 நாட்களாவது ஏதேனும் பொருளாதார வேலை செய்திருந்தால் அவர் வேலை உள்ளவர். அந்த வேலைக்குக் கூலி கிடைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாமனாரின் நிலத்தில் களை பறிக்கும் மருமகளும், அப்பாவின் மளிகைக் கடையில் கல்லாவில் உட்காரும் பட்டதாரி மகனும் இந்தக் கணக்கில் வேலை பெற்றவர்களே. தொழிலாளர் படையில் பெண்களின் பங்கேற்பு 2023–24க்குள் 41.7 சதவீதத்தை எட்டியதில் இத்தகைய வேலைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பெண்கள் காலங்காலமாகச் செய்துவந்த உழைப்பை இப்போதாவது வேலை என்று பதிவு செய்கிறார்களே, அதைக் குறையாகச் சொல்லலாமா? சொல்லக் கூடாது. அந்த உழைப்பை எண்ணுவது சரியே. இன்னும் கவனமாக எண்ண வேண்டும். ஆனால் அதே காரணத்தால்தான் அதைப் புதிய வேலைவாய்ப்பு என்று விளம்பரப்படுத்தக் கூடாது. நேற்றும் களை பறித்தவர் இன்றும் களை பறிக்கிறார். நேற்று அவரை எண்ணவில்லை, இன்று எண்ணுகிறோம் என்றால், மாறியது நம் பதிவேடு. வருமானம் வற்றியதால் புதிதாக நிலத்தில் இறங்கினார் என்றால், அது நெருக்கடியின் அடையாளம். புதிதாகத் தையல் கடை வைத்துச் சம்பாதிக்கிறார் என்றால், அது முன்னேற்றம். மூன்றும் ஒரே எண்ணுக்குள் இருக்கின்றன. வருமானக் கணக்கைச் சேர்த்துப் பார்க்காமல் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அப்படிச் சேர்த்துப் பார்த்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2024ஆம் ஆண்டு இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை, விலைவாசி உயர்வைக் கழித்தால் 2012க்கும் 2022க்கும் இடையில் தினக்கூலிகளின் சராசரி வருமானம் கூடியிருக்கிறது, மாதச் சம்பளக்காரர்களின் சராசரி வருமானம் குறைந்திருக்கிறது என்று காட்டியது. பாதியாகிவிட்டது என்ற முழக்கத்துக்கும் மோசடி என்ற கூச்சலுக்கும் இடையே இவ்வளவு செய்தி ஒளிந்திருக்கிறது.

ஒரே பெயரில் இரண்டு அளவுகள்

2025 மே மாதத்தில் புள்ளியியல் அமைச்சகம் முதன்முறையாக மாதாந்திர வேலையின்மைக் கணக்கை வெளியிட்டது. ஏப்ரல் மாத விகிதம் 5.1 சதவீதம். முந்தைய ஆண்டறிக்கையின் 3.2 சதவீதத்தைப் பக்கத்தில் வைத்து, ஒரே ஆண்டில் வேலையின்மை எகிறிவிட்டது என்று முடிவு கட்டுவது எளிது, தவறும்கூட. மாதாந்திரக் கணக்கு கடந்த ஏழு நாட்களை வைத்து எடுக்கப்படுவது. அந்த வாரத்தில் ஒரு மணி நேரமாவது வேலை செய்திருந்தால் அவர் வேலை உள்ளவர். ஓராண்டை வைத்துக் கேட்பதும் ஒரு வாரத்தை வைத்துக் கேட்பதும் வேறு வேறு பதிலையே தரும். 2023–24இன் ஆண்டறிக்கையிலும் வாரக் கணக்கு தனியாக இருந்தது, அது 4.9 சதவீதம். 5.1ஐ ஒப்பிடுவதானால் அதோடுதான் ஓரளவுக்காவது ஒப்பிட வேண்டும். ஓரளவு என்று சொல்லக் காரணம், விதைப்பு, அறுவடை, பண்டிகை, பள்ளி விடுமுறை என்று மாதத்துக்கு மாதம் வேலையின் அளவு மாறிக்கொண்டே இருக்கும். தவிர 2025இல் கணக்கெடுப்பின் அமைப்பே மாற்றப்பட்டது.

மாநிலங்களை ஒப்பிடும்போது இதைவிடப் பெரிய பிழை நேர்கிறது. 2023–24இல் கேரளத்தின் வேலையின்மை விகிதம் 7.2 சதவீதம், மத்தியப் பிரதேசத்தில் 1.0 சதவீதம், தமிழ்நாட்டில் 3.5 சதவீதம். இதை மட்டும் பார்த்தால், வேலை தேடுகிற இளைஞன் கொச்சியிலிருந்து போபாலுக்கு ரயில் ஏற வேண்டும். உண்மையில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் லட்சக்கணக்கானோர் கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். காரணம் எளிமையானது. வேலையில்லாக் காலத்துக்கு எல்லோருக்கும் உதவித்தொகை தரும் ஏற்பாடு இல்லாத நாட்டில், வேலை இல்லாமல் காத்திருப்பதற்கே கொஞ்சம் வசதி வேண்டும். அன்றாடக் கூலியை நம்பி இருக்கும் குடும்பம் கிடைத்த வேலையை எந்தக் கூலிக்கும் செய்யும். அது வேலை உள்ள குடும்பம் என்று பதிவாகும். படித்த பெண், வளைகுடாப் பணத்தில் நடக்கும் வீட்டில் இருந்துகொண்டு, தகுதிக்கேற்ற வேலை வரட்டும் என்று காத்திருக்க முடியும். அவர் வேலையற்றவர் என்று பதிவாவார். விகிதம் குறைவாக இருப்பது வளத்தாலும் இருக்கலாம், வறுமையாலும் இருக்கலாம்.

இதைக் கேரளத்துக்குச் சொல்லும் சமாதானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. படித்தவர்களுக்கு ஏற்ற வேலையைக் கேரளத்தால் போதுமான அளவு உருவாக்க முடியவில்லை என்பது உண்மையான தோல்வி. நாடு முழுவதற்கும் அந்தத் தோல்வி உண்டு: 15 முதல் 29 வயதுக்குள் இருப்போரிடையே 2023–24இன் வேலையின்மை 10.2 சதவீதம்; மொத்த விகிதத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 3.2 என்ற சராசரிக்குள் இந்த 10.2 கரைந்துபோகிறது. முதல் மேடையில் பேசியவர் சொன்ன எண்ணும், இரண்டாம் மேடையில் பேசியவர் காட்டிய கூட்டமும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடிவது இதனால்தான்.

பின்னால் வந்தது என்பதற்காக அதனால் வந்தது ஆகாது

விமர்சகர்கள் மிக அதிகமாகச் செய்யும் பிழை ஒன்றைப் பார்ப்போம். 2011–12இல் வேலையின்மை விகிதம் 2.2 சதவீதம். 2017–18இல் 6.1 சதவீதம். நடுவில், 2016 நவம்பரில், பணமதிப்பு நீக்கம். ஆகவே வேலையின்மை பணமதிப்பு நீக்கத்தால் வந்தது என்ற வாதம் 2019 தேர்தல் நேரத்தில் ஊரெங்கும் ஒலித்தது. அந்த அறிக்கையை அரசு மாதக்கணக்கில் வெளியிடாமல் வைத்திருந்ததும், தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் இரண்டு உறுப்பினர்கள் 2019 ஜனவரியில் பதவி விலகியதும், தேர்தல் முடிந்து மே 31 அன்றுதான் அறிக்கை வெளியானதும் சந்தேகத்தைக் கூட்டின. அரசு செய்தது தவறு. மறைக்கப்பட்ட எண் எப்போதும் வதந்தியைத்தான் வளர்க்கும். ஆனால் அரசு மறைத்தது என்பதால் விமர்சகர் சொன்ன காரணம் சரியாகிவிடாது. இரண்டு கணக்கெடுப்புகளுக்கும் நடுவே ஆறு ஆண்டுகள். அந்த ஆறு ஆண்டுகளில் 2014, 2015 என அடுத்தடுத்து மழை பொய்த்தது, ஜி.எஸ்.டி. வந்தது, கல்லூரி முடித்து வருவோரின் எண்ணிக்கை பெருகியது, குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் மாறியது. ஆறு ஆண்டு மாற்றம் முழுவதையும் ஓர் இரவின் அறிவிப்பின் மேல் ஏற்ற இந்த இரண்டு எண்கள் போதாது.

அப்படியானால் பணமதிப்பு நீக்கத்தால் பாதிப்பே இல்லையா? இருந்தது, அதை நிரூபிக்கும் வழியும் இருந்தது. கீதா கோபிநாத் உள்ளிட்ட நான்கு பொருளாதார அறிஞர்கள், புதிய நோட்டு அதிகமாகக் கிடைத்த மாவட்டங்களையும் குறைவாகக் கிடைத்த மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். நாடு முழுவதையும் பாதித்த மற்ற காரணங்கள் இரண்டு வகை மாவட்டங்களிலும் இருந்திருக்கும். ஆகவே வித்தியாசத்தைப் பணத் தட்டுப்பாட்டோடு இணைக்கலாம். தட்டுப்பாடு கடுமையாக இருந்த மாவட்டங்களில் பொருளாதார நடவடிக்கையும் வேலைவாய்ப்பும் கூடுதலாகச் சரிந்தன என்றும், அந்தச் சரிவு அடுத்த சில மாதங்களில் தணிந்தது என்றும் அவர்கள் கண்டார்கள். பாதிப்பே இல்லை என்ற அரசுத் தரப்பின் வாதத்தை இந்த ஆய்வு உடைக்கிறது. எல்லாமே அதனால்தான் என்ற எதிர்த்தரப்பின் வாதத்துக்கும் இது துணை நிற்கவில்லை. இதே அளவுகோலை 2017–18க்குப் பிந்தைய இறக்கத்துக்கும் வைக்க வேண்டும். ஒரு திட்டம் வந்த பிறகு வேலையின்மை குறைந்தது என்பதால் அந்தத் திட்டத்தால் குறைந்தது ஆகிவிடாது. திட்டம் சென்ற இடத்தையும் செல்லாத இடத்தையும் ஒப்பிட்டுக் காட்டச் சொல்வது குடிமக்களின் உரிமை.

பதிவேடு வேறு, வேலை வேறு

வருங்கால வைப்பு நிதி அமைப்பு 2018 ஏப்ரலிலிருந்து மாதந்தோறும் எத்தனை பேர் பி.எஃப். கணக்கில் சேர்ந்தார்கள் என்று வெளியிடுகிறது. 2023–24இல் விலகியவர்களைக் கழித்த பிறகு சேர்ந்தவர்கள் சுமார் 1.31 கோடி. ஓராண்டில் 1.31 கோடி வேலைகள் உருவாயின என்று இது தலைப்புச் செய்தியாகிறது. மாதிரிக் கணக்கெடுப்பைவிட இது நம்பகமானது, ஏனென்றால் ஒவ்வொரு பெயருக்கும் ஆதார் இருக்கிறது, பணம் கட்டியதற்கு ரசீது இருக்கிறது என்பது இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம். ரசீது உண்மைதான், ஆனால் எதற்கான ரசீது என்று பார்க்க வேண்டும். பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் கட்டாயம். 19 பேர் வேலை செய்யும் பட்டறை இருபதாவது ஆளைச் சேர்த்தால், பதிவேட்டில் ஒரே மாதத்தில் 20 பேர் புதிதாகத் தோன்றுவார்கள். பிறந்த வேலை ஒன்றுதான். மற்ற 19 பேருக்கும் கிடைத்தது பாதுகாப்பு. அது மகிழ்ச்சிக்குரியது, தொழிலாளி வயதான காலத்தில் கையேந்தாமல் இருக்க உதவும். அந்த நன்மையை அதன் பெயரால் சொன்னாலே போதும். ஒவ்வோர் ஆண்டும் கோடிக்கு மேல் புதிய சம்பள வேலைகள் உருவாகியிருந்தால், தொழிலாளர்களில் மாதச் சம்பளக்காரர்களின் பங்கு உயர்ந்திருக்க வேண்டும். அது உயரவில்லை என்பதை மேலே பார்த்தோம்.

ரிசர்வ் வங்கியின் 'கிளெம்ஸ்' எனப்படும் உற்பத்தித்திறன் தரவும் இப்படித்தான் பயன்படுத்தப்படுகிறது. 2022–23இல் 59.67 கோடியாக இருந்த தொழிலாளர் எண்ணிக்கை 2023–24இல் 64.33 கோடி ஆனதாக அதன் தற்காலிக மதிப்பீடு சொன்னது. ஓராண்டில் ஏறத்தாழ 4.67 கோடி வேலைகள் என்று அது கொண்டாடப்பட்டது. ரிசர்வ் வங்கி வீடு வீடாகப் போய் எண்ணவில்லை. நாம் இதுவரை பார்த்த அதே கணக்கெடுப்பின் விகிதங்களை, மக்கள்தொகை மதிப்பீட்டால் பெருக்கி அது இந்த எண்ணைப் பெறுகிறது. 2011க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிக்கப்படாத நிலையில் அந்தப் பெருக்கலும் மதிப்பீடுதான். 15 வயதைக் கடந்தோர் நூறு கோடிக்கு மேல் இருக்கும் நாட்டில், வேலை செய்வோரின் பங்கு 56.0இலிருந்து 58.2 ஆனாலே இரண்டு கோடிப் பேருக்கு மேல் கூடிவிடுவார்கள். அந்தப் பங்கை உயர்த்தியதில் சம்பளமில்லாக் குடும்ப உதவியாளர்களும் சுயதொழில்காரர்களும் அடக்கம். ஆகவே கிளெம்ஸ் எண் அந்தக் கணக்கெடுப்புக்குத் தனிச் சாட்சி ஆகாது. ஒரே சாட்சி இரண்டு முறை பேசினால் இரண்டு சாட்சி ஆகிவிடாது.

எதிர்த் திசையில் இதே தவறைத் தமிழ்நாட்டில் நாம் அடிக்கடி செய்கிறோம். மாநில வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பதிவு செய்து காத்திருப்போர் எண்ணிக்கை பல ஆண்டுகளில் 60 லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. இத்தனை லட்சம் பேர் வேலையின்றித் தவிக்கிறார்கள் என்று செய்தி வரும். பத்தாம் வகுப்பு முடித்தவுடன் பதிந்துவிட்டுக் கல்லூரியில் படிப்பவர்களும், தனியார் வேலையில் இருந்துகொண்டே பதிவைப் புதுப்பிப்பவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். 2024இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு முதலில் 6,244 இடங்களுக்கு அறிவிக்கப்பட்டபோது விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம். அத்தனை பேரும் வேலையில்லாதவர்கள் என்றால் பிழை. ஆனால் அந்த வரிசை ஒன்றும் சொல்லவில்லை என்பதும் பிழை. வேலையில் இருப்பவரே கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கும் இளநிலை உதவியாளர் பதவிக்கும் இரவு பகலாகப் படிக்கிறார் என்றால், இருக்கும் வேலையின் சம்பளமும் நிச்சயமும் போதவில்லை என்று அர்த்தம். நம் நாட்டின் சிக்கல் வேலை இல்லாமையைவிட நல்ல வேலை இல்லாமையாகவே பெரிதாக இருக்கிறது என்பதற்கு அந்த வரிசை சரியான சான்று.

வாக்குறுதியை வேலையாக எண்ணுவதும் இந்த வகைதான். 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர்கள் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அவற்றால் சுமார் 26.9 லட்சம் பேருக்கு வேலை கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. அதில் 12 லட்சத்துக்கு மேல் மறைமுக வேலைகள். அதாவது ஆலையைச் சுற்றி உருவாகும் என்று எதிர்பார்க்கப்படுபவை. ஒப்பந்தம் ஒரு தொடக்கம்தான்; நிலம், இயந்திரம், ஆள்சேர்ப்பு என்று அது வேலையாக மாறப் பல ஆண்டுகள் ஆகும், சில மாறாமலும் போகும். திறப்பு விழாவை எண்ணும்போது மூடு விழாவையும் கழிக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014இலும், மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022இலும் உற்பத்தியை நிறுத்தின. முதலீட்டைத் தேடிப் போகும் அரசைப் பாராட்டலாம்; சம்பளப் பட்டியலில் பெயர் ஏறிய பிறகு வேலை என்று எண்ணலாம்.

வேலை என்பது அளந்து வைத்த பொருளா?

இன்னொரு வாதம் எண்ணே இல்லாமல் உணர்ச்சியால் ஓடுகிறது. வட மாநிலத்தவர் வந்து நம் பிள்ளைகளின் வேலையைப் பறிக்கிறார்கள் என்பது அது. நாட்டில் இத்தனை வேலைதான் உண்டு, ஒருவர் எடுத்தால் மற்றவருக்கு இல்லை என்ற எண்ணம் இதற்கு அடியில் இருக்கிறது. திருப்பூருக்கு வரும் தொழிலாளி பனியன் தைப்பதோடு நிற்பதில்லை. அவர் வாடகை தருகிறார், அரிசி வாங்குகிறார், பேருந்தில் போகிறார். ஆள் கிடைப்பதால் முதலாளி கூடுதல் ஆர்டர் எடுக்கிறார். அந்த ஆர்டருக்குக் கணக்கர், மேற்பார்வையாளர், லாரி ஓட்டுநர் என்று உள்ளூர்க்காரர்களும் தேவைப்படுகிறார்கள். 1980இல் கியூபாவின் மாரியல் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,25,000 பேர் சில மாதங்களில் அமெரிக்காவுக்கு வந்தபோது, மயாமி நகரின் தொழிலாளர் படை திடீரென்று சுமார் 7 சதவீதம் பெருகியது. பிற நகரங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த பொருளாதார அறிஞர் டேவிட் கார்டு, அங்கே ஏற்கெனவே இருந்த குறைந்த திறன் தொழிலாளர்களின் கூலியிலோ வேலையின்மையிலோ குறிப்பிடத்தக்க பாதிப்பைக் காணவில்லை. 2021இல் அவர் நோபல் பரிசு பெற்றார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களின் கூலி குறைந்தது என்று இன்னொரு பொருளாதார அறிஞர் ஜார்ஜ் போர்ஹாஸ் பின்னர் மறுத்தார். அந்த விவாதம் இன்றும் தொடர்கிறது. அதே கூலிக்காகப் போட்டியிடும் உள்ளூர்க் கட்டடத் தொழிலாளியின் கவலையை அலட்சியப்படுத்தக் கூடாது. அதற்கான மருந்து எல்லோருக்கும் ஒரே குறைந்தபட்சக் கூலியைக் கறாராக அமல்படுத்துவது. வந்தவரை விரட்டுவதால் அது கைகூடாது.

மறுபக்கம், வேலை அளவானது என்ற எண்ணம் எங்கேயுமே பொருந்தாது என்று சொல்வதும் மிகை. அரசுத் துறையில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் உண்மையிலேயே அளவானவை. தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்ந்தபோது, அந்த ஆண்டுகளில் காலியாக வேண்டிய இடங்கள் தள்ளிப்போயின. தேர்வுக்குப் படித்தவர்களின் ஆத்திரம் நியாயமானது. ஓர் அலுவலகத்துக்குப் பொருந்தும் விதியை மொத்தப் பொருளாதாரத்துக்கும் நீட்டுவதுதான் பிழை.

இவ்வளவையும் படித்தவர், அப்படியானால் எந்த எண்ணையுமே நம்பக் கூடாதா என்று கேட்கலாம். அந்த முடிவு ஏமாறுவதைவிட ஆபத்தானது. எல்லா எண்ணும் பொய் என்று மக்கள் ஒதுங்கிவிட்டால், உரக்கப் பேசுகிறவர் சொன்னதே உண்மையாகிவிடும். இந்தக் கட்டுரையில் அரசின் முழக்கத்தைத் திருத்திய எண்களில் பெரும்பாலானவை அரசின் கணக்கெடுப்பிலேயே இருந்தவை. விமர்சகரைத் திருத்தியவையும் அங்கிருந்தே வந்தவை. கணக்கெடுப்பாளர்கள் ஊர் ஊராகச் சென்று உழைத்துத் திரட்டிய தகவல் அது. அதைப் பாதுகாக்க வேண்டும், தாமதமின்றி வெளியிடச் செய்ய வேண்டும், முழுமையாகப் படிக்க வேண்டும்.

அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. எதை எதால் வகுத்தார்கள்? எந்த வேலையை வேலை என்று எண்ணினார்கள்? ஒப்பிடும் இரண்டும் ஒரே அளவுகோலா? வேறு காரணம் இருந்திருக்க முடியாதா? சேர்ந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்தார்களா? இந்த ஐந்தையும் பிடிக்காத கட்சிக்காரரிடம் கேட்பது சுலபம். பிடித்த கட்சிக்காரரிடமும் அதே கண்டிப்போடு கேளுங்கள். அடுத்த தேர்தலில் உங்கள் வாசலுக்கு வரும் வேட்பாளர் இத்தனை லட்சம் வேலை என்று சொன்னால், அவற்றில் மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் உள்ளவை எத்தனை என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்தால்தான் அவர்கள் அந்த வேலைகளை உருவாக்க முனைவார்கள்.